வலையும் இழையும்: கழக்கூட்டத்துக்கு உணவு வரும் வழிகள்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்குச் சென்றாலும், முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாழைப்பூவும் கிடைக்கும் கடை எது என்று முதலில் விசாரித்து அறிந்துகொள்வார்கள். மும்பையில் மாதுங்கா, தில்லியில் கரோல்பாக் என்று இடம் தெரிந்துவிட்டால் மனம் அமைதியுறும். ஆனால் அந்தக் கடைக்கு அப்பொருள் எவ்வழியாக வந்து சேர்ந்தது, அவ்வழி ஒரு நாள் அடைபட்டால் மாற்று வழி உண்டா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. கடை இருக்கிறது, ஆகவே பொருளும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பதைக் கணக்கிட்டு அறிய முடியுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாகக் கேரளத்தில் உள்ள கழக்கூட்டம் என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம்.

கழக்கூட்டம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கொல்லத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை அடைந்ததும் ஒரு கிளை பழைய வழியாக நகருக்குள் செல்கிறது. மற்றொன்று புறவழியாகக் கோவளத்தின் அருகே சென்று, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோட்டை அடைகிறது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918இல் நீட்டப்பெற்ற இருப்புப் பாதையும் இவ்வூரின் வழியே செல்கிறது. 1990இல் டெக்னோபார்க் இங்கே தொடங்கப்பெற்றது. நெல்லையிலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் வந்த தமிழ் இளைஞர் பலர் அங்கே கணினிப் பணி புரிகின்றனர். அவர்களுடைய நண்பகல் உணவில் உள்ள கத்தரிக்காய் பெரும்பாலும் அவர்களைப் போலவே மலையைக் கடந்து வந்ததுதான். கேரளம் காய்கறிக்கும் முட்டைக்கும் பெருமளவு தமிழகத்தையே நம்பியிருக்கிறது.

இந்த உறவு புதியதன்று. நாஞ்சில் நாடு ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவுக்கு அங்கிருந்து நெல்லும் அரிசியும் வண்டி வண்டியாகச் சென்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. அரசியல் வரைபடத்தில் கோடு இடம் மாறியது. வண்டித் தடம் இடம் மாறவில்லை. உண்போர் ஒரு மாநிலத்திலும் விளைப்போர் மற்றொரு மாநிலத்திலுமாக, ஒரே வலை இரண்டு ஆட்சிகளுக்குள் அமைந்துவிட்டது.

வலை அறுந்தால் என்ன நேரும் என்பதையும் திருவிதாங்கூர் அறியும். அந்நாட்டின் அரிசித் தேவையில் பெரும் பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. கடைகள் இருந்தன, வணிகர் இருந்தனர், வாங்குவோரும் இருந்தனர். அரிசிதான் இல்லை. 1943இல் பட்டினியும் நோயும் எளியோர் பலரைக் கொண்டுபோயின. மரவள்ளிக் கிழங்கு அன்று எத்தனையோ குடும்பங்களின் உயிரைத் தாங்கியது. ஆயிரம் கடைகள் திறந்திருந்தும் அவற்றை ஊட்டும் வழி ஒன்றாகவே இருந்தமையால் நேர்ந்த துன்பம் இது. எனவே, ஒரு வழங்கல் வலை எவ்வளவு பெரியது என்று பார்ப்பது போதாது. அது எவ்வாறு பின்னப்பட்டிருக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

பின்னலை அளக்கும் கலை 1736இல் தொடங்கியது எனலாம். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறைக்கு மேல் மிதிக்காமல் கடந்துவர இயலுமா என்ற புதிருக்கு, இயலாது என்று ஆய்லர் என்னும் கணித அறிஞர் விடை கண்டார். பாலத்தின் நீளத்தையோ ஆற்றின் அகலத்தையோ அவர் பொருட்படுத்தவில்லை. இடங்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் கொண்டு, எது எதனோடு சேர்கிறது என்பதை மட்டும் நோக்கினார். நாம் அப்புள்ளியை முடிச்சு என்றும் கோட்டை இழை என்றும் சொல்வோம்.

ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து கழக்கூட்டத்துக்குக் காய்கறி வரும் வழிகளை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒட்டன்சத்திரம், திருநெல்வேலி, செங்கோட்டை, களியக்காவிளை, பாலக்காடு, கொல்லம், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, கழக்கூட்டம் ஆகிய எட்டும் முடிச்சுகள். இனி இழைகளைப் பூட்டுவோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கும் செங்கோட்டைக்கும் பாலக்காட்டுக்கும் ஒவ்வொன்றாக மூன்று. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ஒன்று; ஆரல்வாய்மொழியும் நாகர்கோவிலும் கடந்து களியக்காவிளைக்கு ஒன்று. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ஒன்று; தென்மலை, நெடுமங்காடு வழியாகச் சாலைக் கடைத்தெருவுக்கு ஒன்று. களியக்காவிளையிலிருந்து கடைத்தெருவுக்கு ஒன்று. புறவழியாகக் கழக்கூட்டத்துக்கே ஒன்று. பாலக்காட்டிலிருந்து திருச்சூர் வழியாகக் கொல்லத்துக்கு ஒன்று. கொல்லத்திலிருந்து கழக்கூட்டத்துக்கு ஒன்று. கடைத்தெருவிலிருந்து கழக்கூட்டத்துக்கு ஒன்று. ஆக இழைகள் 12. குமுளி, போடிமெட்டு வழிகளை எளிமை கருதி விட்டிருக்கிறோம்.

எட்டு முடிச்சுகளையும் அறாமல் இணைத்து வைக்க ஏழு இழைகளே போதும். நம்மிடம் உள்ளவை 12. எனவே மிகுதி ஐந்து. இம்மிகுதி ஒவ்வொன்றும் வலையில் ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. இழைகளின் எண்ணிக்கையிலிருந்து முடிச்சுகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வளையங்களின் எண்ணிக்கை கிடைக்கும். மின்சாரச் சுற்றுகளை ஆராய்ந்த கிர்க்காஃப் 1847இல் வளையங்களை இம்முறையிலேயே எண்ணினார். 1976இல் மெக்கேப் என்பவர் கணினி நிரல் எவ்வளவு சிக்கலானது என்று அளக்க இதே எண்ணிக்கையைச் சிறு மாற்றத்துடன் பயன்படுத்தினார். டெக்னோபார்க்கில் நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் அளவுகோலைக் கொண்டே, அவர்கள் தட்டுக்குக் காய்கறி வரும் வழியையும் அளக்கலாம் என்பது சுவையான செய்தி.

இவ்வளவினால் விளங்கும் உண்மை ஒன்று உண்டு. ஏதேனும் ஓர் இழையின் நடுவே புதிதாக ஓர் இடைத்தரகர் வந்து அமர்கிறார் என்று கொள்ளுங்கள். முடிச்சு ஒன்று கூடும், ஓர் இழை இரண்டாகும், வளையமோ கூடாது. அதாவது வலை பெரிதாகிறது; அடுக்குகள் மிகுகின்றன; பொருள் கைமாறும் தோறும் விலை ஏறுகிறது; வழியில் வாடுவதும் அழுகுவதும் பெருகுகின்றன; ஆயினும் மாற்று வழி ஒன்றும் பிறப்பதில்லை. புறவழிச்சாலை போன்ற புதிய இழை ஒன்று இரண்டு பழைய முடிச்சுகளைச் சேர்க்கும்போதோ வளையம் ஒன்று பிறக்கிறது. இரண்டையும் நாம் சிக்கல் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஒன்று சுமையை மட்டும் கூட்டும் சிக்கல். மற்றொன்று துணையும் தரும் சிக்கல். அளந்து பார்த்தாலொழிய இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது.

இதனால் இடைத்தரகரும் மண்டியும் வேண்டாதன என்று முடிவு செய்துவிடலாகாது. 50 உழவர்கள் 20 வணிகரோடு நேரே தொடர்பு கொள்வதாயின் 1,000 இழைகள் வேண்டும். நடுவே ஒரு மண்டி இருந்தால் 70 இழைகள் போதும். மண்டி ஆற்றும் தொண்டு அது. ஆனால் அந்த மண்டி ஒரு நாள் மூடப்பட்டால் 70 பேரும் தனித்தனியே நிற்பர். சிக்கலைக் குறைப்பதும் ஆபத்தை ஓரிடத்தில் குவிப்பதும் பலவேளைகளில் ஒரே செயலின் இரு முகங்களாக அமைகின்றன. வலை அமைப்போர் எந்த முகத்தை எவ்வளவு ஏற்பது என்பதைத் தெரிந்தே ஏற்றல் வேண்டும்.

வளையங்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால், போதாது. நம் படத்தை மீண்டும் பாருங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து, இடையில் எந்த முடிச்சிலும் ஒன்றையொன்று தொடாமல், கழக்கூட்டத்துக்கு மூன்று வழிகள் தோன்றுகின்றன. திருநெல்வேலி, களியக்காவிளை வழியாகப் புறவழி ஒன்று; செங்கோட்டை, கடைத்தெரு வழி ஒன்று; பாலக்காடு, கொல்லம் வழி ஒன்று. புறவழிச்சாலை இல்லாவிடில் இத்தகைய வழிகள் இரண்டே. புறவழியினால் பயண நேரம் குறைவதைப் பலரும் பேசுகின்றனர். தனிவழி ஒன்று கூடியதைப் பேசுவோர் சிலரே.

ஆனால் நிலத்தில் இறங்கிப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒட்டன்சத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் லாரியும் செங்கோட்டைக்குச் செல்லும் லாரியும் மதுரையைக் கடந்து திருமங்கலம் வரை பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலையில்தான் செல்கின்றன. தாளில் இரண்டாக இருந்த கோடு நிலத்தில் ஒன்று. எனவே திருமங்கலத்தை ஒன்பதாம் முடிச்சாகச் சேர்த்தால் இழைகள் 13 ஆகும். வளையங்கள் முன்போலவே ஐந்து. ஆனால் ஒன்றையொன்று தொடாத வழிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைகின்றன. இரண்டு இடங்களுக்கிடையே எத்தனை தனிவழிகள் உண்டோ, அத்தனை முடிச்சுகளை அடைத்தால் போதும், தொடர்பு முற்றும் அறும் என்று 1927இல் மெங்கர் என்னும் கணித அறிஞர் நிறுவினார். இங்கே திருமங்கலமும் பாலக்காடும் அடைபட்டால் ஒட்டன்சத்திரத்துக்கும் கழக்கூட்டத்துக்கும் உறவு இல்லை. வலையின் வலிமையை அதன் மிகக் குறுகிய வாயிலே தீர்மானிக்கிறது.

இதற்கு மருந்து புதிய சாலை ஒன்றே என்று எண்ண வேண்டா. தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பாவூர்ச்சத்திரத்தில் பெரிய காய்கறிச் சந்தை இருக்கிறது. அங்கிருந்தும் கேரளத்துக்குச் சரக்குச் செல்கிறது. கழக்கூட்டத்து வணிகர் ஒருவர் இரு சந்தைகளிலும் கொள்முதல் செய்வாராயின், திருமங்கலத்தின் வாயிலை நம்பாமலே அவருக்கு மூன்று தனிவழிகளும் மீண்டும் கிட்டும். கல்லும் தாரும் செலவிடாமல், கணக்குப் புத்தகத்தில் இரண்டாவது பெயரை எழுதிக்கொள்வதாலேயே வலை உறுதிபெறுகிறது.

பெயரை எழுதினால் மட்டும் போதாது என்பதை 1948இல் ஷானன் வகுத்த மற்றோர் அளவை நமக்குக் காட்டுகிறது. செய்திப் போக்குவரத்தை ஆராய்ந்த அவர், பல வாய்ப்புகளிடையே பங்கு எவ்வாறு பரவியிருக்கிறது என்பதை ஓர் எண்ணால் அளந்தார். எடுத்துக்காட்டாக, மூன்று வழிகளிலும் சரக்குச் சமமாக வந்தால் அவ்வெண் 1.58, அதன் பொருள் மூன்று வழிகளும் உயிரோடு இருக்கின்றன என்பதாம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒரே வழியிலும், மற்ற இரண்டில் ஐந்து ஐந்தும் வந்தால் எண் 0.57ஆகக் குறைகிறது. அது ஏறத்தாழ ஒன்றரை வழிக்குச் சமம். பெயரளவில் மூன்று, செயலளவில் ஒன்றரை. பழகாத வழியில் லாரி ஓட்டுநருக்கு இடம் தெரியாது. வணிகருக்குக் கடன் கொடுப்பார் இல்லை. நெருக்கடி வந்த நாளில் அவ்வழியைத் திடீரென்று பெருக்கிவிட முடியாது.

இன்னொன்றும் கருதத் தக்கது. 2007இல் கிரெய்க்ஹெட் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர், வழங்கல் தொடரில் நேரும் இடையூற்றின் கடுமையை மூன்று கூறுகள் மிகுவிக்கின்றன என்றனர். முடிச்சுகள் நிலப்பரப்பில் நெருங்கிக் கிடத்தல், வலையின் சிக்கல், ஒரு முடிச்சின் இன்றியமையாமை என்பன அவை. நெருங்கிக் கிடப்பவை ஒரே இடரால் ஒருங்கே தாக்குண்ணும் என்பது எளிதில் விளங்கும். நம் படத்தில் உள்ள வழிகள் யாவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைக் கடப்பவை. ஒரே பருவமழை பல கணவாய்களில் பெய்யும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் இடையே குதிரான் மலையில் மண் சரிந்தது. ஆலுவாப் பகுதி நீரில் மூழ்கியது. வடக்கு வழி அடைபட்ட அந்நாட்களில் திருவனந்தபுரத்துக்குரிய இரயில்கள் சில மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் திருப்பிவிடப்பட்டன. தெற்கு வாயில் திறந்திருந்தமையால் தலைநகர் தனித்துவிடவில்லை. ஆனால் 2020இல் கொள்ளை நோய்க் காலத்தில் மாநில எல்லைகளில் ஊர்திகள் நிறுத்திச் சோதிக்கப்பட்டபோது, மழையும் மண்சரிவும் இன்றியே எல்லா வாயில்களும் ஒருங்கே குறுகின. மலை ஒன்று, எல்லை ஒன்று என்னும்போது வழிகளின் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடலாகாது. எந்தக் காரணத்தால் எவையெவை சேர்ந்து அடைபடும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை கண்டது காய்கறி வலை. இதே கழக்கூட்டத்தில் முற்றிலும் வேறான வடிவுடைய மற்றொரு வலையும் உண்டு. இந்திய உணவுக் கழகத்தின் சேமிப்புக் கிடங்கு ஒன்று இவ்வூரில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தோன்றிய அக்கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் அமைத்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. தொலைதூர மாநிலங்களில் கொள்முதல் செய்யப்பட்ட அரிசி இத்தகைய கிடங்குகளுக்கு வந்து, அங்கிருந்து சிறு கிடங்குகளுக்கும், அவற்றிலிருந்து நியாய விலைக் கடைகளுக்கும் பிரிந்து செல்கிறது. இது கிளைவிட்ட மரம் போன்ற அமைப்பு.

கற்பனையாக ஒரு கணக்கு: பெருங்கிடங்கு ஒன்று, அதன்கீழ்ச் சிறு கிடங்குகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 40 கடைகள். முடிச்சுகள் 124, இழைகள் 123, வளையம் சுழி. காய்கறி வலையைவிடப் பலமடங்கு பெரியதாயினும் பின்னலில் இது மிக எளியது. எளிமையால் நன்மை உண்டு. எந்த மூட்டை எங்கே சென்றது என்று கணக்குக் கேட்பது எளிது. திருட்டைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஆனால் எந்த இழை அறுந்தாலும் அதன் கீழுள்ள கடைகள் அனைத்தும் வெறுமையாகும். அருகிலுள்ள மற்றொரு பெருங்கிடங்கை மூன்று சிறு கிடங்குகளோடும் இணைத்தால் முடிச்சுகள் 125, இழைகள் 126, வளையங்கள் இரண்டு. இவ்விரண்டு வளையங்களால் எந்தப் பெருங்கிடங்கு முடங்கினாலும் 120 கடைகளுக்கும் அரிசி வரும். கூடுதற் செலவு மூன்று இழைகள். கிடைப்பதோ எல்லாக் குடும்பங்களுக்கும் காப்பு.

மரத்தின் நுனியில் அண்மைக் காலத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு குடும்ப அட்டை ஒரு கடைக்கே உரியது. அட்டைக்கும் கடைக்கும் இடையே இழை ஒன்றுதான். ஊரை விட்டுப் பிழைக்கச் சென்றவரின் அட்டை பெட்டியில் உறங்கும். அவருடைய பங்கு அவரைப் பின்தொடர்ந்து வராது. 2019இல் தொடங்கப்பட்ட ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடும் கேரளமும் 2020இல் சேர்ந்தன. 2022ஆம் ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் அதில் இணைந்தன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டை உடையவர், தாம் வேலை செய்யும் மாநிலத்தின் கடையிலேயே தம் தானியப் பங்கைப் பெறலாம். ஆயிரம் குடும்பங்களுக்கு இரண்டாவது கடை ஒன்றுக்கும் செல்லும் உரிமை வந்தால், வலையில் ஆயிரம் வளையங்கள் புதிதாய்ப் பிறக்கின்றன. எனினும் இரண்டு கடைகளும் ஒரே கிடங்கை நம்பியிருந்தால், கிடங்கு முடங்கிய நாளில் இரண்டும் ஒருங்கே வெறுமையாகும். நுனியில் வளையம் சேர்ந்ததனால் வேர் காக்கப்பட்டுவிடாது.

அன்பர்களே, வழங்கல் வலையின் சிக்கலை அளத்தல் அறிஞர்க்கு மட்டும் உரிய கணக்கன்று. நான்கு கேள்விகளே அதன் சாரம். முடிச்சுகளும் அடுக்குகளும் எத்தனை? மிகுதியாய் உள்ள இழைகள் எத்தனை வளையங்களைத் தருகின்றன? மிகக் குறுகிய வாயில் எது? உள்ள வழிகளில் சரக்கு எவ்வாறு பங்கிடப்படுகிறது? கழக்கூட்டத்துக்கு விடை காண முயன்றதுபோல, நீங்கள் வாழும் ஊருக்கும் ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு விடை காணலாம். உங்கள் தமிழ்ச் சங்கங்கள் ஒரு மாலைப் பொழுதை இதற்கெனச் செலவிடலாம். கடைக்காரரும் லாரி உரிமையாளரும் இல்லத்தரசியரும் கூடி உட்கார்ந்து இப்படத்தை வரைவார்களாயின், மழை வருமுன் எந்த இழையைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர்களுக்கே புலப்படும். 1943இல் திருவிதாங்கூர் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடத்தை, இன்று நாம் சில கோடுகளை எண்ணியே கற்றுக்கொள்ளலாம்.